விஷ்ணுபுரத்து வாசலில்

ஒரு புத்தகம் பிடிக்கவில்லை என்றால் மூடி வைத்துவிடலாம். யாரும் கேட்கப் போவதில்லை. ஆனால் உயிருக்கு உயிரான எழுத்தாளரின் புத்தகத்துக்குள் நுழையவே முடியவில்லை என்றால்? அங்கேதான் சங்கடம்.

ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூர்ப் பெண் ஒருத்திக்கு அப்படித்தான் ஆனது. ஏழாம் வகுப்பில் ஜெயமோகனின் ‘பனிமனிதன்’ படித்தவள். தினமணியின் சிறுவர்மணியில் தொடராக வந்து புத்தகமான கதை அது. அதற்கப்புறம் கொஞ்ச நாள், காட்டுப் பாதையில் எந்தத் தடத்தைப் பார்த்தாலும் குனிந்து பார்க்காமல் நகர மாட்டாள்!

கல்லூரி விடுமுறைக்கு மலையேறும்போது அவர் எழுதிய ‘விஷ்ணுபுரம்’ நாவலைத் தூக்கிக்கொண்டு வந்தாள். 1997-ல் வெளிவந்தது. 800 பக்கத்துக்கு மேல். லீவு முழுக்கக் கொண்டாட்டம் என்று நினைப்பு.

40 பக்கம் தாண்டவில்லை. கோபுரம், மண்டபம், சிற்பி, பண்டிதர், திருவிழாக் கூட்டம்... யாரைப் பிடித்துக்கொண்டு நடப்பது? பெயர்களை ஒரு தாளில் எழுதிவைத்துப் பார்த்தாள். தாள்தான் நிரம்பியது. மூன்று தடவை முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தாகிவிட்டது. வாசலில் காயும் சாமைக்குக் காவல் இருந்தபடி முறைத்துக்கொண்டிருந்தவளை அம்மா பார்த்தாள்.

“பரீட்சைக்கா படிக்கிற?”

“இல்லம்மா, சும்மா கதை.”

“கதைக்கா மூஞ்சிய இப்படி வச்சிருக்க?”

அதுதான் அவளுக்கும் பயம். செமஸ்டரும் மார்க்கும் சேர்ந்து, கதை படிக்கிற மனசைத் தின்றுவிட்டதோ?

அன்று ராத்திரி கரண்ட் போனது. வெளியே வந்தால் கும்மிருட்டு. காவலூருக்குப் பள்ளியில் கூட்டிப்போனது ஞாபகம் வந்தது. அதே மலையில் இருக்கும் வானாய்வகம். 1986-ல் திறந்த 2.34 மீட்டர் தொலைநோக்கி அங்கே இருக்கிறது. இருட்டுக்குக் கண் நன்றாகப் பழக இருபது, முப்பது நிமிஷம் ஆகும், அதுவரை டார்ச் அடிக்காதீர்கள் என்று அன்றைக்குச் சொன்னார்கள்.

பனிமனிதனில் ஒரு டாக்டர் கூடவே வந்து எல்லாவற்றையும் விளக்குவார். நடுநடுவே அறிவியல் குறிப்புகள் வேறு. விஷ்ணுபுரத்திலும் அவள் அந்த டாக்டரைத்தான் தேடிக்கொண்டிருந்தாள். பெயர் எழுதிய தாள்தான் டார்ச்!

மறுநாள் தாளைத் தூக்கிப் போட்டுவிட்டு நாலாவது தடவை உட்கார்ந்தாள். திருவிழாவுக்கு வந்த வெளியூர்க்காரி மாதிரி, புரிந்தவரைக்கும் பார்ப்போம் என்று. பகுதிகளின் பெயரையே அப்போதுதான் கவனித்தாள். ஸ்ரீபாதம், கௌஸ்துபம், மணிமுடி. கால், மார்பு, தலை. திருவனந்தபுரத்தில் பள்ளிகொண்ட பெருமாளை மூன்று வாசல் வழியாகத்தானே பார்க்கிறோம்? முழுசாக ஒரே பார்வையில் கிடைப்பதில்லை. இதில் இரண்டாம் பகுதி, முதல் பகுதிக்கும் முந்தைய காலத்துக்குப் போகிறது. அங்கே மனிதர்களாக நடமாடுகிறவர்கள் முதல் பகுதியில் பழங்கதை ஆகிவிட்டவர்கள். அந்த ஊர்க்காரர்களுக்கே தங்கள் ஊரின் கதை முழுசாகத் தெரியாது. அவளுக்கு மட்டும் 40 பக்கத்தில் தெரிந்துவிடுமா என்ன?

லீவு முடிந்து போளூர் பஸ் ஏறும்போது ஸ்ரீபாதம் முடிந்திருந்தது. கௌஸ்துபத்தில் தத்துவ விவாதம் வந்து மறுபடியும் முட்டி நிற்கிறாள். பாதி புரியவில்லை.

ஆனால் இந்தத் தடவை முதல் பக்கத்துக்குத் திரும்பவில்லை. மடியில் புத்தகத்தை விரித்து வைத்துக்கொண்டே மலை இறங்கினாள்.