செர்டாங்கில் காலை நாலரை

2020 மார்ச் 16 இரவு மலேசியப் பிரதமர் முகிதீன் தொலைக்காட்சியில் பேசியபோது, மறுநாளுக்கான சீருடையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தேன். 18ஆம் தேதி தொடங்கி மாத இறுதிவரை நடமாட்டக் கட்டுப்பாடு என்றார். இரண்டு வாரம் லீவு என்று வீட்டில் சிரித்தோம். நான் கோலாலம்பூரில் ஒரு ஹோட்டலில் ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர். கணவர் பள்ளி வேன் ஓட்டுபவர். ஹோட்டலும் பள்ளியும் ஒருசேர மூடினால் என்ன ஆகும் என்று அந்த இரவில் யாருக்கும் தோன்றவில்லை.

முதலில் சம்பளமில்லா விடுப்பு, பிறகு அரைச் சம்பளம், வருடம் முடிவதற்குள் ஆட்குறைப்புக் கடிதம். அதுவும் வாட்ஸாப்பில் வந்தது. வங்கிகள் கொடுத்த ஆறு மாதக் கடன் ஒத்திவைப்பு செப்டம்பரோடு முடிந்திருந்தது. வீட்டுக் கடன், வேன் கடன் இரண்டும் மறுபடி வாசலில் வந்து நின்றன.

செர்டாங்கில் கொமுட்டர் ரயில் பிடித்து ஏழு மணி ஷிப்டுக்குப் போய்ப் பழகிய உடம்பு. வேலை போன பிறகும் காலை நாலரைக்குக் கண் விழித்துக்கொள்ளும். எழுந்தால் போக இடமில்லை, படுத்தால் தூக்கமில்லை. இருட்டில் மோட்டுவளையைப் பார்த்தபடி வட்டிக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பேன். வேலையில்லாதவர்களுக்குப் பகல் எப்படியோ ஓடிவிடும். எமன் இந்த நாலரை மணிதான்.

அந்த நேரத்தை நிரப்பத்தான் யோகாசனம் மறுபடி வந்தது. ஞானத்தைத் தேடி அல்ல. சின்ன வயதில் பத்துமலை சிவானந்த ஆசிரமத்தோடு தொடர்புள்ள ஆசிரியர் ஒருவரிடம் கற்றது, கல்யாணத்தோடு விட்டுப்போனது. ஹாலில் சோபாவைத் தள்ளி, பழைய படுக்கை விரிப்பை நாலாக மடித்துப் போட்டேன். மெத்தையைத் தூக்கித் தூக்கி விரிப்பின் மூலையைச் செருகியே தேய்ந்த இடுப்பு அது. பஸ்சிமோத்தாசனத்தில் குனிந்தால் விரல் முழங்காலைத் தாண்டவில்லை. புஜங்காசனத்தில் மணிக்கட்டு விண்விண் என்றது. சூரிய நமஸ்காரத்தின் பன்னிரண்டு நிலைகளில் நாலாவதிலேயே மூச்சு வாங்கும். ஆனால் கை நடுங்க உடம்பைத் தாங்கிப் பிடித்திருக்கும்போது வட்டிக் கணக்கு ஓடாது. அந்த மட்டும் லாபம். சவாசனத்தில் படுத்ததும் கணக்கு திரும்ப வந்துவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அந்த ஆசிரமம் பெயர் தாங்கிய சுவாமி சிவானந்தரை அந்த நாட்களில் அடிக்கடி நினைத்துக்கொண்டேன். பத்தமடையில் பிறந்த அவர் 1913இல் மலாயாவுக்கு வந்த டாக்டர். சிரம்பான் பக்கத்தில் தோட்ட ஆஸ்பத்திரியிலும் பிறகு ஜொகூர் பாருவிலும் நம் தோட்டத் தொழிலாளிகளுக்கு வைத்தியம் பார்த்தவர். 1923இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு இந்தியா திரும்பினார். அடுத்த வருடம் ரிஷிகேசத்தில் சந்நியாசம். நல்ல சம்பளத்தை உதறியவர் என்று மேடைகளில் உருகிப் பேசுவார்கள். அவர் வேலையை விட்டார். எங்களை வேலை விட்டது. இரண்டையும் ஒரே தட்டில் வைத்து, 'பற்றற்று இரு' என்று எனக்கு வாட்ஸாப்பில் உபதேசம் அனுப்பியவர்கள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

2021 ஜூன் 1 முதல் மறுபடி முழுக் கட்டுப்பாடு. செர்டாங் மேப்ஸ் கண்காட்சி வளாகம் கொரோனா சிகிச்சை மையமாகியிருந்தது. நான் மூச்சை உள்ளே இழுக்கும்போது வெளியே ஆம்புலன்ஸ் போகும். ஜூலையில் வீடுகளில் வெள்ளைக் கொடிகள் முளைத்தன. உதவி வேண்டும் என்பதற்கு அடையாளம். எங்கள் எதிர் பிளாக்கின் கம்பிக் கதவில் கட்டியிருந்தது ஒரு தலையணை உறை. ஓரத் தையலைப் பார்த்ததுமே ஹோட்டல் உறை என்று எனக்குத் தெரிந்துவிட்டது. என்னைப் போல இன்னொருத்தி.

பக்கத்து வீட்டுச் சீனப் பாட்டியை 'ஆ போ' என்போம். எங்கள் ஸ்ரீ கெம்பாங்கான் முன்பு செர்டாங் பாரு என்ற புதுக்கிராமம். மலாயா அவசரகாலத்தில், 1950களின் தொடக்கத்தில், சீனக் குடும்பங்களை முள்வேலிக்குள் குடியேற்றிய இடம். ஆ போ சிறுமியாக அதற்குள் வந்தவர். "அப்போதும் ஊரடங்குதான். அரிசியையும் அளந்துதான் கொடுத்தார்கள்," என்று பாசார் மலாயில் சொல்லிவிட்டு, தாழ்வாரத்தில் தாய் சி செய்வார், சாத்திய கம்பிக் கதவுக்கு இந்தப் பக்கம் நான் கை தூக்கி நிற்பேன். ஒரு காலில் நிற்பதில் அவரை என்னால் ஜெயிக்க முடிந்ததில்லை.

கட்டுப்பாடு தளர்ந்த பின், ஹோட்டல் லாண்டரியில் வேலை பார்த்த பழைய மலாய்த் தோழி ஒருத்தியும் இடுப்பு வலியோடு என் ஆசனப் பயிற்சியில் வந்து சேர்ந்தாள். முஸ்லிம்களுக்கு யோகா ஆகாது என்று 2008 நவம்பரில் தேசிய ஃபத்வா மன்றம் அறிவித்ததும், மந்திரம் ஓதாமல் உடற்பயிற்சியாகச் செய்தால் தடையில்லை என்று அன்றைய பிரதமர் அப்துல்லா படாவி சமாதானம் சொன்னதும் இருவருக்கும் நினைவிருந்தது. அவள் இருக்கும்போது ஓங்காரம் கிடையாது. எனக்கு ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இப்போது ஒரு தனியார் மருத்துவமனையில் துப்புரவுப் பிரிவில் இருக்கிறேன், பழையதைவிடக் குறைந்த சம்பளத்தில். 2023 மார்ச் 16 அன்று எங்கள் பக்கம் எம்ஆர்டி ரயில் ஓடத் தொடங்கியதால் நாலரைக்கு எழ வேண்டியதில்லை. ஆனாலும் எழுகிறேன். விரல் இப்போது கணுக்காலைத் தொடுகிறது.

இந்த வேலையை எனக்கு வாங்கிக் கொடுத்தது யோகா அல்ல. வேலை போன முதல் மாதங்களில் அடுப்பெரிந்ததற்குக் காரணம் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம். என்னோடு வேலை போன சிலர் வெட்கப்பட்டுக்கொண்டு மனுப் போடாமல் இருந்து கெடுவைத் தவறவிட்டார்கள். வேலை போனவர்கள் யாராவது இதைப் படித்தால், 60 நாளுக்குள் சொக்சோவில் மனுப் போட்டுவிடுங்கள். பாயை அதற்கடுத்த நாள் காலையில் விரித்துக்கொள்ளலாம்.