யார் கடைசியாகக் கை வைத்தது?

பழைய புல்லட் வைத்திருப்பவரிடம் நல்ல மெக்கானிக் யாரென்று கேட்டுப் பாருங்கள், சட்டென்று பதில் வராது. முதலில் உங்கள் வண்டியைச் சுற்றி வந்து பார்ப்பார். எந்த வருஷத்து மாடல் என்பார். பிறகு, "இப்பல்லாம் யார் சார் ஒழுங்கா பாக்குறாங்க" என்று பொதுவாக அலுத்துக்கொண்டு நழுவிவிடுவார். அவருக்குத் தெரியாமல் இல்லை. சொன்னால் அங்கே கூட்டம் சேரும், அப்புறம் அவருடைய வண்டி பின்வரிசைக்குப் போய்விடும். மெக்கானிக் கிடைத்தவர்கள் வாயைத் திறப்பதில்லை, கிடைக்காதவர்கள்தான் ஊரெல்லாம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

என்னுடையது 1980களின் கடைசியில் திருவொற்றியூரில் செய்த 350 ஸ்டாண்டர்ட். 1955-இல் மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ராயல் என்ஃபீல்டும் கைகோத்துத் தொடங்கிய ஆலை அது. 1970-ஐ ஒட்டி இங்கிலாந்துக் கம்பெனி மூடப்பட்ட பிறகும் இங்கே வண்டி வந்துகொண்டே இருந்தது. 70 மில்லிமீட்டர் போர், 90 மில்லிமீட்டர் ஸ்ட்ரோக், வார்ப்பிரும்பு பேரல். இந்த இஞ்சினை அடிப்படையில் பெரிதாக மாற்றாமலேயே 2010 வாக்கில்தான் நிறுத்தினார்கள். கியர் வலது காலில், பிரேக் இடது காலில். மேலே ஒன்று, கீழே மூன்று. பழக்கமில்லாத பையன் யாராவது சர்வீஸ் முடித்து 'ஓட்டிப் பார்க்கிறேன்' என்று எடுத்துக்கொண்டு போனால், அவன் திரும்பி வரும்வரை எனக்கு இருப்புக்கொள்ளாது. அவசரத்தில் பிரேக் என்று நினைத்து கியரைத்தான் மிதிப்பான்.

இன்றைய ஷோரூம்களில் வேலை பார்க்கும் பையன்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2020-இல் பி.எஸ். 6 வந்த பிறகு புல்லட்டுக்கும் பெட்ரோல் இன்ஜெக்‌ஷன் வந்துவிட்டது. ஒயரை மாட்டினால் கருவியே கோளாறைச் சொல்கிறது. பாயிண்ட் செட்டைச் சுத்தம் செய்து இடைவெளி வைக்கிற வேலை அவர்கள் பிறந்த காலத்திலேயே வழக்கொழியத் தொடங்கிவிட்டது. அவர்களிடம் இதைக் கொண்டுபோய் நிறுத்துவது நம்முடைய அநியாயம். ஆக, தெருவோர ஷெட்டுகள்தான் கதி. நம்பிக்கை என்ற பேச்சும் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

நம்பிக்கையான மெக்கானிக் என்றதும் எல்லோரும் பணத்தைத்தான் நினைக்கிறார்கள். மாற்றாததை மாற்றினேன் என்பான், ஒரிஜினலைக் கழற்றிக்கொண்டு டூப்ளிகேட்டை மாட்டுவான் என்று ஒரு பயம். இருக்கிறார்கள்தான், ஆனால் அவர்களைச் சமாளிக்க வழியுண்டு. கழற்றிய பழைய சாமானைத் திருப்பிக் கொடு என்று முதலிலேயே சொல்லிவிட்டால் பாதித் திருட்டு நின்றுவிடும். ரீபோர் செய்து பெரிய பிஸ்டன் போட்டேன் என்றால், பிஸ்டன் தலையிலேயே ஓவர்சைஸ் அளவு அடித்திருக்கும், பூட்டுவதற்கு முன் காட்டச் சொல்லலாம். காசுக்காக ஏமாற்றுபவனுக்கு உங்கள் வண்டி ஓடிக்கொண்டும் இருக்க வேண்டும், அப்போதுதான் நீங்கள் மறுபடி வருவீர்கள். எனக்கு அவனைவிடப் பெரிய பயம் அவசரக்காரனிடம். அவன் யோக்கியன். காசு குறைவாகவே வாங்குவான். வண்டியைப் பார்த்ததும் கை துறுதுறுவென்றிருக்கும். நீங்கள் டீ குடித்துவிட்டு வருவதற்குள் ஹெட்டைக் கழற்றி, கிழிந்த பேக்கிங்கோடு கீழே வைத்திருப்பான்.

ஒரு மழைக்காலம் முழுக்க என் வண்டி ஸ்டாண்டு போட்டபடியே நின்றது. அப்புறம் ஸ்டார்ட் செய்தபோது சைலன்சரிலிருந்து நீலப் புகை. தெருவில் இரண்டு வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அப்போது நான் போய்க்கொண்டிருந்த ஷெட்டில் நிமிஷத்தில் தீர்ப்பு வந்துவிட்டது: "ரிங் போச்சு சார். போர் பண்ணி பிஸ்டன் போட்டுடலாம். இறக்கிடட்டுமா?" புகை நீலமென்றால் ஆயில் எரிகிறது, ஆயில் எரிந்தால் ரிங். பாடம் சரிதான். ஆனால் இந்த வண்டிக்கு இன்னொரு பாடமும் உண்டு. இதன் ஆயில் டேங்க் தனியாக எங்கோ தொங்குவதில்லை, கிராங்க் கேஸ் வார்ப்பிலேயே பின்பக்கம் ஓர் அறையாக இருக்கிறது. பல நாள் நின்றால் ஆயில் பம்ப் வழியாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்து கிராங்க் சுற்றும் அறைக்குள் இறங்கிவிடும். ஸ்டார்ட் செய்ததும் அந்த மிச்சம்தான் மேலேறி எரியும். அதற்குள் டேங்கில் குச்சியை விட்டுப் பார்த்து 'ஆயில் குறைஞ்சிருக்கே' என்று ஊற்றித் தொலைத்தால் இன்னும் மோசம். இஞ்சின் சூடேறி, ஆயில் தன் இடத்துக்குத் திரும்பிய பிறகுதான் அளவே பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் எனக்குப் பின்னால் விளக்கிச் சொன்னவர் புகையைப் பற்றி ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "வண்டி எத்தனை நாளா நின்னுச்சு?" பதிலைக் கேட்டுவிட்டு, "போய் மணலி வரைக்கும் ஓட்டிட்டு வாங்க" என்றார். திரும்பி வந்தபோது புகை இல்லை. காசும் வாங்கவில்லை.

பிரித்துப் பார்ப்பதையே நான் இழிவாகப் பேசுவதாக நினைக்க வேண்டாம். கோவை ஜி.டி. நாயுடு இளம் வயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரியின் ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, ஹோட்டலில் வேலை செய்து பணம் சேர்த்து அதையே வாங்கி, அக்கக்காகப் பிரித்துப் பூட்டித்தான் இயந்திரத்தைக் கற்றுக்கொண்டார். ஆனால் அவர் பிரித்தது காசு கொடுத்து வாங்கிய தன் சொந்த வண்டியை. இந்த வித்தியாசம் பல ஷெட்டுகளில் மறந்துபோகிறது.

மணலிக்கு ஓட்டிவரச் சொன்ன மனிதரை எனக்குக் காட்டியவர் ஒரு தண்டல்காரர். தினமும் காலையில் கடை கடையாக வசூலுக்குப் போகிறவர். என்னுடையதைவிடப் பழைய புல்லட், பெயிண்ட் மங்கி, சீட்டில் துணி சுற்றியிருக்கும். புல்லட் கிளப்புகளில் பளபளவென்று நிற்கும் வண்டிகளின் சொந்தக்காரர்களைக் கேட்பதைவிட இவரைக் கேட்பது புத்திசாலித்தனம் என்று எனக்குப் பட்டது. அவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை ஓடினால் போதும். இவருக்கு ஒரு நாள் நின்றால் அன்றைய வசூல் போயிற்று. ரூபாய்க்கு ரூபாய் எண்ணுகிறவர் வேறு, வீணாக ஒரு மெக்கானிக்குக் கொடுத்து ஏமாறுகிற ஆளில்லை. "பாய்கிட்ட போங்க சார். ஆனா அவசரப்படுத்தினா அவர் தொட மாட்டார்" என்றார்.

பாயின் ஷெட் வடசென்னையில் ஒரு மரக்கடைக்குப் பக்கத்தில் இருக்கிறது. போர்டு கிடையாது. நான் முதலில் பார்த்தது அவருடைய ஸ்பேனர்களை. பழைய புல்லட்டின் பல நட்டுகள் ஆங்கிலேயர் விட்டுப்போன அங்குலக் கணக்கில் செய்தவை. மில்லிமீட்டர் ஸ்பேனரை மாட்டினால் ஏறக்குறையப் பொருந்தும். அந்த 'ஏறக்குறைய'வில்தான் நட்டின் முனைகள் மழுங்கும், பிறகு கட்டிங் பிளையர், அப்புறம் உளியும் சுத்தியலும். பாயிடம் இன்ச் ஸ்பேனர் செட் தனியாக, எண்ணெய்த் துணியில் சுற்றி இருந்தது. எனக்கு அப்போதே பாதி மனசு இறங்கிவிட்டது.

அவர் என் வண்டியை ஸ்டார்ட் செய்யவில்லை. குனிந்து ஒவ்வொரு நட்டின் முகத்தையும் பார்த்துக்கொண்டே வந்தார். "யார் கடைசியா கை வெச்சது?" என்றார். சொன்னேன். "அவரா... கை பலம் ஜாஸ்தி" என்றதோடு சரி. அதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லவில்லை. முன்னால் பார்த்தவனைத் திட்டியே தன் கடையை நடத்தும் மெக்கானிக்குகளை நிறையப் பார்த்துவிட்டதால், எனக்கு இந்த அடக்கம் புதிதாக இருந்தது.

இடது பக்கமெல்லாம் ஆயில் ஒழுகுகிறது, சீல் மாற்ற வேண்டும் என்றேன். புல்லட் ஒழுகத்தான் செய்யும் என்று ஒரு பழம்பேச்சு உண்டு. அந்தப் பேச்சை நம்பியே பலர் சரிசெய்வதும் இல்லை. பாய் சீலைத் தொடவே இல்லை, பிரீதர் குழாயைக் கழற்றி ஊதிப் பார்த்தார். பிஸ்டன் இறங்கும்போதெல்லாம் கிராங்க் கேஸுக்குள் அடைபடும் காற்று வெளியேற வேண்டும். வெளியே விட்டு, உள்ளே விடாமல் மூடிக்கொள்ள வாத்து மூக்கு மாதிரி ஒரு சின்ன ரப்பர். அது கெட்டிப்பட்டுப்போனால் காற்று வேறு வழி தேடும், அந்த வழியில் ஆயிலைத் தள்ளிக்கொண்டு வரும். எத்தனை புது சீல் போட்டாலும் ஒழுகும். ரப்பரை மாற்றினார். ஒழுகல் முற்றிலும் நிற்கவில்லை, ஆனால் வீட்டு வாசலில் தினமும் மணல் போடும் வேலை நின்றது.

சூடானால் மட்டும் ஸ்டார்ட் ஆகாத கோளாறு வந்தபோதும் அப்படித்தான். கார்பரேட்டரை மாற்று, காயிலை மாற்று என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். கண்டன்சர் சூட்டில் செத்துவிடும், ஆறினால் பிழைத்துக்கொள்ளும் என்றார் பாய். புதுசு வாங்கி வரட்டுமா, புதுப்பேட்டையில் கிடைக்குமே என்றேன். சிரித்தார். இப்போது வரும் புதுக் கண்டன்சர்களில் அவருக்கு நம்பிக்கை இல்லை. நன்றாக ஓடிய வண்டிகளிலிருந்து கழற்றிய பழையவற்றை ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் சேர்த்து வைத்திருக்கிறார். அதிலிருந்து ஒன்றைப் போட்டார். மற்ற சாமான்களுக்குச் சீட்டெழுதி என்னையே ஜெனரல் பேட்டர்ஸ் ரோட்டுக்கு அனுப்புவார். எந்தக் கடை என்று சொல்வதில்லை. கமிஷன் பேச்சே எழக்கூடாது என்பதற்காக இருக்கலாம். கேட்டதில்லை.

அவர் பிரிக்கவே மாட்டார் என்றில்லை. ஒருமுறை நீளமான திருப்புளியின் நுனியை கிராங்க் கேஸில் வைத்து, கைப்பிடியைக் காதில் வைத்துக் கேட்டார். மறுபடி கேட்டார். "புஷ் பேசுது. இதுக்கு மேல ஓட்டாதீங்க" என்றார். இந்த இஞ்சினில் கனெக்டிங் ராடின் பெரிய முனை ரோலரில் அல்ல, ஆயில் படலத்தில் மிதக்கும் ஒரு புஷ்ஷில் சுற்றுகிறது. அது போனால் கிராங்க்கே போகும். அன்று கிராங்க் வரைக்கும் பிரித்தார். பிரிக்கத் தயங்குகிறவர் பிரிக்க வேண்டும் என்றால் மறுபேச்சு பேசத் தோன்றுவதில்லை.

அவரோடு காலம் தள்ளுவது லேசில்லை என்பதையும் சொல்ல வேண்டும். "நாளைக்கு" என்றால் எந்த நாளை என்று கேட்கக் கூடாது. வெள்ளிக்கிழமை மதியத்துக்குப் பிறகு ஷெட் திறந்திருக்கும், அவர் இருக்க மாட்டார். பில் கிடையாது, எழுத்தில் எந்த உத்தரவாதமும் கிடையாது. கிராங்க் வேலைக்கு லேத் பட்டறையில் முறை வரும்வரை என் இஞ்சின் ஒரு சாக்குக்குள் கிடந்தது. ஊரில் ஒரு கல்யாணத்துக்கு புல்லட்டில் போய் இறங்கலாம் என்ற என் ஆசை, பஸ்ஸில் நின்றுகொண்டு போனதில் முடிந்தது.

ஷெட்டில் அவருக்கு உதவிக்கு ஆள் இல்லை. அவர் பத்து வயதில் பெட்ரோலில் சாமான் கழுவும் பையனாகச் சேர்ந்தவர். இன்று அந்த வயதுப் பையனை வேலைக்கு வைத்தால் சட்டப்படி குற்றம். அது குற்றமாக இருப்பதே சரி. கையெல்லாம் வெந்து வேலை கற்ற காலத்தை நினைத்து ஏங்க எனக்கு விருப்பமில்லை, அவருக்கும் இல்லை. தன் பையனை டிப்ளமோ படிக்க வைத்திருக்கிறார். ஆனால் படித்துவிட்டு வரும் பையன்கள் பாயிண்ட் செட் கற்றுக்கொள்ள ஏன் வர வேண்டும்? வருஷா வருஷம் இந்த வண்டிகள் குறைகின்றன. பதினைந்து வருஷம் தாண்டியதால் ஆர்.சி. புதுப்பிப்பு, பசுமை வரி, இப்போது எத்தனால் கலந்த பெட்ரோலில் கெட்டுப்போகும் ரப்பர்கள் என்று வண்டிக்காரனுக்கே அலுப்புத் தட்டுகிறது.

அதனாலோ என்னவோ, பாய் இப்போது வாடிக்கையாளர்களுக்கே வேலை கற்றுக்கொடுக்கத் தொடங்கியிருக்கிறார். போன முறை புஷ் ராடை இரண்டு விரலால் உருட்டிப் பார்க்கச் சொன்னார். இஞ்சின் ஆறியிருக்கும்போது அது தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது, அதுதான் டேப்பெட் கணக்கு. என் விரலுக்குத் தடை தெரியவில்லை. "மறுபடி பாருங்க" என்றார். பார்த்தேன், கொஞ்சம் தெரிந்தது. பிறகு பாயிண்ட் இடைவெளி அளக்கும் கேஜ் ஒன்று வாங்கிக்கொள்ளச் சொல்லி, "இந்த டேப்பெட்டுக்கும் பாயிண்ட்டுக்கும் இனி என்கிட்ட வராதீங்க, பெருசா ஏதாவது இருந்தா வாங்க" என்றார்.

கேஜ் வாங்கியாகிவிட்டது. கிளட்ச் கொஞ்சம் வழுக்குகிறது. அது பெருசா, சின்னதா என்று போய்க் கேட்க வேண்டும்.