எங்கள் வீட்டுக் குளச்சல் போர்

குளச்சல் போர் என்றால் நம் பள்ளித் தோழியர் எல்லோரும் உடனே 1741 என்பார்கள். மார்த்தாண்டவர்மரின் படை டச்சுக்காரரை நம் கடற்கரையில் வென்றதும், பிடிபட்ட டிலனாய் பின்னர் அந்த மன்னருக்கே படை பயிற்றுவித்ததும், வெற்றித்தூண் இன்றும் இங்கே நிற்பதும் நாம் அறிந்தவையே. நாங்கள் எழுத வந்ததோ வேறொரு போர். எஞ்சின் உருளையின் உள்விட்டத்தை ஒர்க்‌ஷாப்காரர்கள் ‘போர்’ என்கிறார்கள். அதன் பொருட்டு எங்கள் வீட்டில் மூண்ட போருக்குத் தூண் எதுவும் இல்லை. ஒரு முழங்கால் தழும்பு மட்டும் உண்டு.

நாங்கள் என்றால் அக்காளும் தங்கையும். எங்கள் அப்பா கடல் தொழிலுக்குப் போகிறவர். அவரிடம் ஒரு யமஹா ஆர்.எக்ஸ். 100 இருக்கிறது. 1985 முதல் 1996 வரை நம் நாட்டில் செய்யப்பட்ட வண்டி அது. பழைய வண்டியாக வாங்கினாலும் அப்பா அதைப் பிள்ளையைப் போல் வைத்திருந்தார். வயது ஏற ஏற அதற்கு மூச்சு வாங்கத் தொடங்கியது. மேட்டில் இழுக்கவில்லை, புகையோ புகை! பிஸ்டனும் உருளையும் தேய்ந்துவிட்டன என்றார் ஒர்க்‌ஷாப் மாமா.

“பழைய பிளாக்கையே கடைந்து ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டால் போதும் மக்களே” என்பது அவர் யோசனை. அண்ணனுக்கு அது பிடிக்கவில்லை. ஆர்.எக்ஸ். 135 வண்டியின் பிளாக்கை இதில் ஏற்றிவிட வேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றான். அப்பா தங்கல் தொழிலுக்குப் போயிருந்த சமயம். அம்மாவிடம் சீட்டு எடுத்த பணம் இருந்தது. அது எங்களில் மூத்தவளின் நர்சிங் படிப்புக்கென்று சிறுகச் சிறுகக் கட்டியது. “கிறிஸ்துமசுக்குள் திருப்பித் தருகிறேன்” என்று அண்ணன் வாங்கிப் போனான். அன்றிரவு மூத்தவள் யாரோடும் பேசவில்லை.

கோபம் ஒருபுறம் இருக்க, அப்படி என்னதான் கிடைக்கும் என்று கணக்கு நோட்டில் போட்டுப் பார்த்தோம். இரண்டு வண்டிக்கும் பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் ஒன்றே, 50 மில்லிமீட்டர். விட்டம் மட்டும் அதில் 50, இதில் 58. உருளையின் கன அளவு சூத்திரம் பள்ளியில் படித்ததுதானே? முதலாவது 98 கன சென்டிமீட்டர், இரண்டாவது 132. விட்டம் 16 சதவீதம்தான் கூடுகிறது. கொள்ளளவோ ஏறத்தாழ 35 சதவீதம்! ஆரத்தை ஆரத்தாலேயே பெருக்குவதால் வரும் வினை இது. அண்ணனின் ஆசைக்கும் பொருள் இருக்கிறது என்று அப்போது ஒப்புக்கொண்டோம்.

பிளாக் மாற்றும் நாளில் நாங்களும் ஒர்க்‌ஷாப் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். சைலன்சர், கார்புரேட்டர், ஹெட் என்று ஒவ்வொன்றாகக் கழன்று வந்தன. டூ ஸ்ட்ரோக் எஞ்சினில் தலைப்பக்கம் வால்வுகள் கிடையாது. உருளைச் சுவரில் ஜன்னல்கள் இருக்கின்றன; பிஸ்டனே ஏறி இறங்கி அவற்றைத் திறந்து மூடுகிறது. பெரிய உருளை உட்காரக் கீழே உள்ள கிரேங்க் கேஸின் வாயை லேத் பட்டறையில் அகலப்படுத்தி வந்திருந்தார்கள். ஒரு பொடி இரும்பு உள்ளே கிடந்தாலும் நாசம் என்று மாமா மூன்று முறை கழுவினார். பிஸ்டன் தலையில் ஓர் அம்புக்குறி. அது புகை போகும் பக்கம் பார்க்க வேண்டுமாம். மோதிரம் போன்ற ரிங்குகள் சுழன்று ஜன்னலில் மாட்டாதிருக்கப் பள்ளத்தில் சிறு முள் வைத்திருக்கிறார்கள். எவ்வளவு நுட்பம்!

“கார்புரேட்டருக்குப் பெரிய ஜெட் போடணும், நாளைக்கு வா” என்றார் மாமா. அண்ணன் எங்கே கேட்டான்?

மறுநாள் இளையவளைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மண்டைக்காடு வழியே கிளம்பினான். வண்டி பறந்ததாம், தென்னைகள் பின்னோக்கி ஓடினவாம். மணவாளக்குறிச்சி தாண்டியதும் சத்தம் மாறியது. கணப்பொழுதில் எஞ்சின் பிடித்துக்கொண்டு, பின்சக்கரம் உருளாமல் சாலையைத் தேய்த்தது. அண்ணன் கிளச்சை அழுத்தியதால் பெரிய ஆபத்து தப்பியது. ஆனாலும் வண்டி சாய்ந்து, இளையவளின் முழங்கால் கிழிந்து, நான்கு தையல்.

ஏன் இப்படி? பெரிய உருளை அதிகக் காற்றை இழுத்தது. பழைய ஜெட்டால் அதற்கு ஈடான பெட்ரோலைக் கொடுக்க முடியவில்லை. டூ ஸ்ட்ரோக்கில் பெட்ரோல் வெறும் தீனி அன்று. அதனோடு கலந்து போகும் எண்ணெய்தான் உள்ளே வழுக்கல் தருகிறது. பெட்ரோலின் குளிர்ச்சியும் பிஸ்டனைக் காக்கிறது. அது குறைந்ததும் சூடு ஏறியது. அலுமினிய பிஸ்டன் இரும்புச் சுவரைவிட அதிகமாக விரிந்து, இடையே இருந்த மயிரிழை இடைவெளியை விழுங்கிவிட்டது. கழற்றிப் பார்த்த பிளக் காபிப்பொடி நிறத்தில் இருப்பதற்குப் பதில் சுண்ணாம்பாய் வெளுத்திருந்தது.

அப்பா கரைக்கு வந்ததும் வீட்டில் இடி விழும் என்று காத்திருந்தோம். அவர் முதலில் இளையவளின் கட்டைப் பார்த்தார்; பிறகு வண்டியைப் பார்த்தார்.

“வள்ளத்துக்குப் பெரிய எஞ்சின் மாட்டணும்னா, பின்பலகை தாங்குமான்னு முதல்ல பாக்கணும் மக்களே. வண்டிக்கு பிரேக்கு அதே டிரம் பிரேக்குதானே? சங்கிலியும் அதேதானே?” என்று மட்டும் கேட்டார். அண்ணன் தலைகுனிந்தான். திட்டியிருந்தால்கூட அவனுக்கு இவ்வளவு வலித்திராது என்று எங்களுக்குத் தோன்றியது.

இன்னொன்றும் பிறகு தெரிந்தது. எஞ்சின் கொள்ளளவு ஆர்.சி. புத்தகத்தில் எழுதப்பட்டிருக்கிறது. உற்பத்தியாளர் குறித்ததற்கு மாறாக வண்டியை மாற்றக்கூடாது என்கிறது 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு. 2019-இல் உச்சநீதிமன்றமும் அதை உறுதி செய்திருக்கிறது. மூத்தவள் இதை உரக்கப் படித்தபோது அவள் குரலில் கொஞ்சம் மகிழ்ச்சி இருந்ததை மறைப்பானேன்?

கட்டிலுக்கு அடியில் செய்தித்தாளில் சுற்றிக் கிடந்த பழைய பிளாக்கை அப்பாவே எடுத்துக்கொண்டு நாகர்கோவிலுக்குப் போனார். அரை மில்லிமீட்டர் கடைந்து, ஓவர்சைஸ் பிஸ்டன் போட்டு, அகலமான கிரேங்க் கேஸுக்குப் பதில் பழைய கேஸ் ஒன்றும் தேடி வாங்கி வந்தார். அந்தச் செலவை அண்ணன் ஐஸ் கம்பெனியில் வேலை பார்த்து அடைக்கிறான். சீட்டுப் பணத்தில் பாதி திரும்பிவிட்டது. மீதிக்கு அம்மா ஒரு நோட்டில் கணக்கு எழுதுகிறார்.

கடைந்த பிறகு கணக்கை மீண்டும் போட்டோம். 50.5 மில்லிமீட்டர் விட்டத்துக்குக் கொள்ளளவு ஏறத்தாழ 100 கன சென்டிமீட்டர் வருகிறது. இத்தனை ஆண்டுகள் 98-ஐ வைத்துக்கொண்டு 100 என்று பெயர் சொன்ன வண்டி, இப்போதுதான் பெயருக்கு உண்மையாகியிருக்கிறது!

புது பிஸ்டன் பழகும்வரை நாற்பதுக்கு மேல் ஓட்டக்கூடாது என்பது அப்பாவின் கட்டளை. ஆகவே ஒருநாள் ஒருத்தி என்று அண்ணன் எங்களைப் பள்ளிக்கு மெதுவாகவே கொண்டுவிடுகிறான். மீன் பெட்டி கட்டிய டி.வி.எஸ். வண்டிகள்கூட எங்களை முந்திப் போகின்றன. வாயிலில் தாமதத்துக்குக் காரணம் கேட்கும் சிஸ்டருக்கு இதை விளக்க நேரம் போதவில்லை; அதனால்தான் எழுதினோம்.