பசி எங்கே இருக்கிறது?

மாலை ஐந்து மணிக்கு ரெட்டியார்பாளையத்தில் விழுப்புரம் சாலையோரம் நடப்பவர் மதியம் வயிறு முட்டச் சாப்பிட்டிருந்தாலும், எண்ணெயில் வாழைக்காய் பஜ்ஜி விழும் மணம் வந்தால் கால் தானாக நின்றுவிடும். வீட்டில் "வாயைக் கட்ட முடியாதவன்" என்று திட்டு வேறு! உண்மையில் வாயும் வயிறும் வெறும் வேலைக்காரர்கள்தான். அறுவை சிகிச்சையில் இரைப்பையையே நீக்கிவிட்டவர்களுக்கும் பசி எடுக்கிறதே.

உத்தரவு வருவது மூளையின் அடியில், பிட்யூட்டரி சுரப்பிக்குச் சற்று மேலே இருக்கும் ஹைபோதலாமஸில் இருந்து. மனிதனில் இதன் எடை சுமார் 4 கிராம்தான்.

இதன் நடுப்பகுதியைச் சேதப்படுத்தினால் எலிகள் அளவின்றிக் கொழுக்கின்றன என்று 1940-இலேயே ஹெதரிங்டன், ரான்சன் என்ற இருவர் காட்டியிருந்தனர். எதிர்ப்பக்கத்தைக் கண்டுபிடித்தவர் ஓர் இந்தியர் என்பது பலருக்குத் தெரியாது. அவர் பெயர் பால் கிருஷன் ஆனந்த். 1951-இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ஜான் புரோபெக்குடன் சேர்ந்து, எலிகளின் ஹைபோதலாமஸில் பக்கவாட்டில் உள்ள ஒரு சிறு இடத்தை மின்சாரத்தால் அழித்துப் பார்த்தார். ஒரு பக்கம் மட்டும் அழிந்தபோது மாற்றம் ஏதும் இல்லை. இரு பக்கமும் அழிந்ததும், எலிகள் சாப்பிடுவதையே நிறுத்திவிட்டன. தீனி முன்னாலேயே இருக்க, பட்டினியால் செத்தன. அந்த இடத்துக்கு 'உணவூட்டு மையம்' என்று பெயர் வந்தது.

பின்னர் டெல்லி எய்ம்ஸில் உடலியங்கியல் துறையைக் கட்டியெழுப்பியவரும் இவரே. இரத்தத்தில் குளுக்கோஸ் ஏறும்போது 'போதும்' என்னும் மையம் சுறுசுறுப்பாகி, 'உண்' என்னும் மையம் அடங்குவதை 1962-இல் இவரது குழு வெளியிட்டது.

'மையம்' என்ற சொல் கொஞ்சம் அவசரப்பட்டது என்று பிறகு தெரிந்தது. அவ்வழியாக டோபமைன் நரம்பிழைகளும் ஓடுகின்றன. அவை அறுந்தாலே விலங்கு சாப்பாட்டை மட்டுமல்ல, அசைவையும் ஆர்வத்தையும்கூட இழந்துவிடும் என்று 1971-இல் உங்கர்ஸ்டெட் காட்டினார். 1998-இல் இதே பகுதியில் ஒரெக்சின் கண்டுபிடிக்கப்பட்டது. பசியைத் தூண்டும் என்று கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வைத்தார்கள். அதன் முக்கிய வேலையோ விழித்திருக்க வைப்பது! பட்டினியில் இந்தச் செல்கள் விழித்துக்கொள்கின்றன. வெறும் வயிற்றோடு படுத்தவர் புரண்டு புரண்டு படுப்பதில் இதற்கும் பங்கு உண்டு.

கொழுப்பிலிருந்து வரும் லெப்டின் என்ற ஹார்மோனும் ஹைபோதலாமஸுக்குத்தான் சேதி சொல்கிறது. உடல் இளைத்தால் லெப்டின் குறையும், பசி கூடும். பட்டினி கிடந்து எடை குறைத்தவர்கள் மறுபடி பருப்பதற்கு மனவுறுதி இல்லாததே காரணம் என்பது பாதி உண்மைகூட இல்லை. இங்கிலாந்தில் பிறவியிலேயே லெப்டின் சுரக்காத 9 வயதுச் சிறுமி ஒருத்தி ஓயாமல் சாப்பாடு கேட்டாள், எடை 94 கிலோ. தினமும் லெப்டின் ஊசி போட ஆரம்பித்ததும் அவள் சாப்பாட்டின் அளவு தானாகக் குறைந்தது. ஓராண்டில் 16 கிலோ இறங்கினாள். இது மருத்துவ இதழில் வந்தது 1999-இல்.