கிர்க்கேயின் கூற்று

ஹோமர் இயற்றிய ஒடிசி என்னும் கிரேக்கக் காப்பியத்தில் கிர்க்கே என்பாள் ஒருத்தி வருகின்றாள். தன் தீவிற்கு வந்த மாலுமிகளை மாயத்தால் பன்றிகளாக்கினாள். அதனால் தீராப் பழி எய்தினாள். ஆயின், ஒடிசியஸ் வேண்ட அவர்களை மீண்டும் மானிடராக்கியவளும் அவளே. அனைவரையும் ஓராண்டு விருந்தோம்பியவளும் அவளே. கடல்வழியின் இடர்களை முன்னரே உணர்த்தி விடைகொடுத்தவளும் அவளே.

காப்பியத்தில் இவற்றை எடுத்துரைப்பவன் ஒடிசியஸ். தன் வரலாற்றைத் தானே கூறும் வாய்ப்பைக் கிர்க்கே பெற்றிலள். 2018ஆம் ஆண்டில் அமெரிக்க எழுத்தாளர் மேடலின் மில்லர், அவள் பெயராலேயே ஒரு புதினம் இயற்றி, அவளையே பேசவைத்தார். தனித்திருந்த அவளுக்கு மாலுமிகள் முன்பு இழைத்த கொடுமையே அம்மாயத்திற்குக் காரணம் என்பது அதனால் விளங்குகின்றது.

ஆற்றல்மிக்க பெண்ணைச் சூனியக்காரி என இகழ்தல் எளிது. அவள் கூற்றையும் கேட்டுத் தீர்ப்புரைத்தலே நடுவுநிலையாம்.