லைனைப் பார், பிறகு பெட்டியைப் பார்

புதுச்சேரியின் பாகூர்ப் பக்கம் வயலுக்குத் தண்ணீர் பாய்கிற பருவத்தில் பிரவுசிங் சென்டர் கம்ப்யூட்டர்கள் தானாக ரீஸ்டார்ட் ஆகும். கல்லூரிச் சேர்க்கைக்கான சென்டாக் விண்ணப்பத்தின் கடைசி நாள் என்றால் கேட்கவே வேண்டாம். கடைக்காரர் வைரஸ் என்பார், விண்டோஸை அழித்து மறுபடி போடுவார். மறுநாளும் அதே கதை. மோட்டார்கள் ஓடும் நேரத்தில் பிளக் பாயின்ட்டில் மல்டிமீட்டரை வைத்துப் பார்த்தால் விஷயம் தெரிந்துவிடும். வர வேண்டியது 230 வோல்ட். பத்து விழுக்காடு முன்னே பின்னே இருக்கலாம். டிரான்ஸ்பார்மரிலிருந்து தள்ளி, லைனின் கடைக்கோடியில் இருக்கும் கடைக்கு அது வந்து சேராது.

வோல்டேஜ் குறைந்தால் பல்பு மங்கும், ஃபேன் மெதுவாகச் சுற்றும். கம்ப்யூட்டருக்குள் கரண்டை மாற்றிக் கொடுக்கும் பெட்டியான எஸ்.எம்.பி.எஸ். அப்படி விட்டுக்கொடுக்காது. கம்ப்யூட்டருக்குக் கொடுக்க வேண்டியதைக் கொடுத்தே தீரும். அதற்காகக் கூடுதல் ஆம்பியர் இழுக்கும், சூடாகும். இன்னொன்று: கரண்ட் கண்சிமிட்டும் நேரத்தில் மெஷினைத் தாங்குவது உள்ளே இருக்கும் பெரிய கபாசிட்டர்தான். விலை குறைந்த ரகத்தில் 230 வோல்ட் 180-க்கு இறங்கினால், அதில் தங்கும் ஆற்றல் சுமார் 40 விழுக்காடு போய்விடும். முன்பு தாங்கிய கண்சிமிட்டலை அப்போது தாங்காது.

எஸ்.எம்.பி.எஸ்.ஸிலிருந்து வரும் பச்சை வயரையும் ஒரு கருப்பு வயரையும் ஜெம் கிளிப்பால் இணைத்து, “ஃபேன் சுத்துது, எஸ்.எம்.பி.எஸ். ஓகே” என்று தீர்ப்புச் சொல்வது நம் மெக்கானிக்குகளின் வழக்கம். அது கிளம்புகிறது என்பதற்குத்தான் சாட்சி. பாரம் தாங்குமா என்பதற்கு இல்லை. மெஷின் வேலை செய்துகொண்டிருக்கும்போதே அளக்க வேண்டும். மஞ்சள் வயரில் 11.4-க்கும் 12.6-க்கும் நடுவே, சிவப்பில் 4.75 முதல் 5.25 வரை. பெரிய ஃபைலை காப்பி போடும்போது மஞ்சள் 11-க்குச் சரிந்தால் சந்தேகமே வேண்டாம்.

ஊதா வயரில் கம்ப்யூட்டர் அணைந்திருந்தாலும் 5 வோல்ட் இருக்கும். சுவரில் கரண்ட் இருந்து, ஊதாவில் இல்லையென்றால் எஸ்.எம்.பி.எஸ். போயே போச்சு.

ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றால் அவசரப்பட்டுப் புதிது வாங்க வேண்டாம். எங்கோ ஷார்ட் இருந்தாலும் அப்படித்தான் நிற்கும். ஹார்டு டிஸ்க், டிவிடி டிரைவ் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு ஒவ்வொன்றாக மாட்டிப் பார்க்கலாம்.

கேபினெட்டைத் தொட்டால் சுர்ரென்கிறதா? பாதி நேரம் எஸ்.எம்.பி.எஸ். மேல் குற்றமில்லை, எர்த் இல்லை. உள்ளிருக்கும் ஃபில்டர் கபாசிட்டர்கள் வழியாக ஏறக்குறைய பாதி வோல்டேஜ் தகரத்துக்கு வந்துவிடும், டெஸ்டரும் மங்கலாக எரியும். மூன்று பின் பிளக்கை இரண்டு பின் அடாப்டரில் சொருகிய புண்ணியவான்களால் வருவது இது. எர்த் குழி இருந்தாலும் சித்திரையில் காய்ந்துவிடும், தண்ணீர் ஊற்ற வேண்டும்.

எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998-இல் வில்லியனூரை நடுவாக வைத்து கிராம அறிவு மையங்களைத் தொடங்கியபோது, லைன் கரண்டை மட்டும் நம்பி இறங்கவில்லை. சூரியத் தகடும் பேட்டரியும் ஏற்பாட்டில் இருந்தன. இன்று கடை போடுகிறவர்கள் பிராசசர் எது, ரேம் எவ்வளவு என்று விசாரிக்கிறார்கள். சாயங்காலம் லைனில் எவ்வளவு வருகிறது என்று கேட்பவரைக் காணோம். வோல்டேஜைத் தூக்கிக் கொடுக்கும் யு.பி.எஸ். ஒன்று வாங்கினால், எஸ்.எம்.பி.எஸ். மாற்றும் செலவு பாதி குறையும் என்பது என் கணக்கு.

2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புயல் கரை கடந்தது. அதற்குப் பிறகு தென்பெண்ணை வெள்ளம் பாகூர்க் கிராமங்களுக்குள் வந்தது. அப்படி நனைந்த எஸ்.எம்.பி.எஸ்.ஸை வெயிலில் காயவைத்து மாட்டுவது வீண் வேலை. வண்டல் உள்ளே ஒட்டிக்கொண்டிருக்கும். தூக்கிப் போடுங்கள்.

மூடியைத் திறந்து பார்க்கும் ஆசை வந்தால் ஒன்று: பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அந்தப் பெரிய கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் நிற்கலாம். பழக்கமில்லாதவர்கள் ஸ்க்ரூவில் கை வைக்காதீர்கள்.