மொழிபெயர்க்கப்படாத கேள்வி

ருவாண்டா: கணவனை இழந்தவளும் கணவனைச் சிறைக்கு அனுப்பியவளும் ஒரே பாயில் உட்கார்ந்து கூடை பின்னும் மலைநாட்டில் ஒரு பயணம்

தலைநகர் கிகாலியை விட்டுத் தெற்கே இறங்கியதும் நியாபரோங்கோ ஆறு குறுக்கிடுகிறது. செம்மண்ணைக் கரைத்துவிட்டாற்போல் நீர். பாலத்தில் எங்கள் ஓட்டுநர் வேகத்தைக் குறைக்கவில்லை. 1994 ஏப்ரல் முதல் ஜூலை வரை, சுமார் 100 நாட்கள், இந்த ஆறு பிணங்களைச் சுமந்தது. டுட்சிகள் எத்தியோப்பியாவிலிருந்து வந்தவர்கள், ஆற்றின் வழியே அவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும் என்று 1992லேயே ஒரு ஹூட்டு அரசியல்வாதி மேடையேறிப் பேசியிருந்தார். இரண்டு ஆண்டுகளில் பேச்சு செயலாயிற்று. கொல்லப்பட்டவர்கள் 8 லட்சம் பேர் என்பது ஐ.நா. மதிப்பீடு; 10 லட்சத்துக்கும் மேல் என்கிறது ருவாண்டா அரசு. பெரும்பாலோர் டுட்சிகள். கொலைக்கு உடன்பட மறுத்த ஹூட்டுகளும் அதில் அடக்கம்.

கிகாலியிலிருந்து ஹூயே சுமார் 130 கிலோமீட்டர். குன்றுகளைச் சுற்றிச் சுற்றிப் போகும் பாதை. வாழைத் தோட்டம், சோளக்கொல்லை, யூகலிப்டஸ் மரங்கள். நீலகிரியில் பார்த்த காட்சியை யாரோ இங்கே கொண்டுவந்து விரித்துப் போட்டாற்போல் இருக்கிறது.

வழியில் ஒரு திண்ணையில் ஏழெட்டுப் பெண்கள் கூடை பின்னிக்கொண்டிருந்தார்கள். கோபுரம் போல் கூர்ந்த மூடியுள்ள இந்தக் கூடைக்கு 'அகசேகே' என்று பெயர். கல்யாணச் சீரில் இடம்பெறும். நாட்டின் அரசுச் சின்னத்திலும் உண்டு. புல்லைக் கற்றையாகச் சுருட்டி, சாயமேற்றிய கற்றாழை நாரால் ஊசி கோத்துச் சுற்றுகிறார்கள். வெகு பொறுமையான வேலை. போருக்குப் பிறகு இரு தரப்புப் பெண்களும் சேர்ந்து இப்படிப் பின்னுகிறார்கள் என்று படித்திருந்ததால், நிருபருக்கே உரிய அவசரத்தில் கேட்டேன்: "இவர்களில் யார் ஹூட்டு, யார் டுட்சி?"

அதுவரை என் ஒவ்வொரு வாக்கியத்தையும் கின்யருவாண்டா மொழிக்கு மாற்றிக்கொண்டிருந்த ஓட்டுநர், இதை மட்டும் மாற்றவில்லை. சாலையைப் பார்த்தபடி நின்றார். மொழிபெயர்த்துச் சம்பாதிக்கும் எனக்கு அந்த மௌனம் சுரீரென்று உறைத்தது.

அவர் தயங்கியதற்குக் காரணம் உண்டு. இரு தரப்புக்கும் ஒரே மொழி, ஒரே குன்றுகள், பெரும்பாலும் ஒரே தேவாலயம். 1930களில் பெல்ஜிய ஆட்சியாளர்கள் கொடுத்த அடையாள அட்டை இனத்தை எழுத்தில் பொறித்தது. 1994ல் சாலைத் தடுப்புகளில் அந்த அட்டையே உயிரைத் தீர்மானித்தது. அதன்பின் அட்டையிலிருந்து இனம் நீக்கப்பட்டது. பிரிவினையைத் தூண்டுவதைச் சட்டம் தண்டிக்கிறது. நான் கேட்டது சாலைத் தடுப்பில் கேட்ட அதே கேள்வி.

போர் முடிந்தபோது ஊர்களில் மிஞ்சியவர்கள் பெரும்பாலும் பெண்கள். டுட்சி விதவைகள் அனாதைக் குழந்தைகளைச் சேர்த்து வளர்த்தார்கள். 1 லட்சத்துக்கும் மேற்பட்டோர் கொலைக் குற்றச்சாட்டில் சிறைகளில் நெருக்கியடித்துக் கிடக்க, ஹூட்டு மனைவிகள் அவர்களுக்குச் சோறு சுமந்தார்கள். இருவருக்கும் பொதுவான பிரச்சினை ஒன்று இருந்தது. வழக்கப்படி பெண்ணுக்கு நிலத்தில் வாரிசுரிமை கிடையாது. கணவன் செத்தாலும் அவன் பக்கத்து உறவினர்களுக்கே நிலம். இந்த இடத்தில்தான் பெண்கள் அமைப்புகள் கைகோத்தன. 1999ல் மகளுக்கும் சொத்துரிமை தரும் சட்டம் வந்தது. 'எல்லோரும் சேர்ந்து' என்று பொருள்படும் ட்வெசே ஹாம்வே என்ற பெண்கள் கூட்டமைப்புக்கு, சமாதானப் பணிக்காக 1996ல் யுனெஸ்கோ விருது கிடைத்தது. இந்திய ராஜதந்திரி மதன்ஜீத் சிங் பெயரிலான சகிப்புத்தன்மை விருதை முதன்முதலில் பெற்றது இந்த அமைப்புதான்.

இதே தெற்குச் சாலையை ஒட்டிய பகுதியில் இருந்தது டாபா வட்டாரம். அதன் தலைவர் ஜான்-பால் அகயேசு மீது தான்சானியாவின் அருஷா நகரில் ஐ.நா. நீதிமன்றம் வழக்கு நடத்தியது. முதல் குற்றப்பத்திரிகையில் பாலியல் வன்முறை பற்றி ஒரு வரிகூட இல்லை. சாட்சி சொல்ல வந்த ஒரு தாய், தன் ஆறு வயது மகளுக்கு நேர்ந்ததைச் சொன்னார். நீதிபதிகள் துருவிக் கேட்டார்கள். குற்றப்பத்திரிகை 1997ல் திருத்தப்பட்டது. மூன்று நீதிபதிகளில் ஒரே பெண் நவநீதம் பிள்ளை: டர்பன் நகரில் தமிழ் வம்சாவளிக் குடும்பத்தில் பிறந்த, பேருந்து ஓட்டுநரின் மகள். 1998 செப்டம்பர் 2 அன்று வந்த தீர்ப்பு, பாலியல் வன்முறையும் இனப்படுகொலையின் கருவியாகலாம் என்று சர்வதேசச் சட்டத்தில் முதன்முறையாகப் பதிவு செய்தது. அதற்கு அஸ்திவாரம், வெட்கத்தையும் பயத்தையும் மீறி அருஷா வரை போன டாபா பெண்களின் வாக்குமூலம்.

பெண் என்றாலே சமாதானம் என்று முடிவு கட்டிவிட வேண்டாம். ஹூயே நகரின் பழைய பெயர் புட்டாரே. அந்தப் பகுதியில் பிறந்து வளர்ந்த பௌலின் நிராமசுஹுகோ, 1994ல் குடும்ப நலம் மற்றும் பெண்கள் முன்னேற்ற அமைச்சர். டுட்சி பெண்கள் மீதான வன்முறைக்கும் கொலைகளுக்கும் பொறுப்பென்று 2011ல் ஆயுள் தண்டனை பெற்றார். 2015ல் மேல்முறையீட்டில் அது 47 ஆண்டாகக் குறைந்தது. அந்த நீதிமன்றம் தண்டித்த முதல் பெண் அவர். சமாதானம் தாய்மையிலிருந்து தானாகச் சுரப்பதில்லை, உழைத்துத்தான் உண்டாக்க வேண்டும் என்பதற்கு இந்த ஊரே சாட்சி.

அந்த உழைப்பையும் இதே ஊரில் பார்க்கலாம். கின்யருவாண்டாவில் 'இங்கோமா' என்றால் முரசு. அரசாட்சிக்கும் அதே சொல். முரசு கட்டிலில் தூங்கிவிட்ட புலவருக்கு மன்னன் கவரி வீசிய கதையை அறிந்த தமிழருக்கு இதை விளக்க வேண்டியதில்லை. இங்கே பெண்கள் முரசைத் தொடவும் கூடாது என்பது மரபு. 2000களின் மத்தியில் நாடகக் கலைஞர் ஓடில் கட்டெசே, 'இங்கோமா ந்ஷ்யா' என்ற பெண்கள் முரசுக் குழுவை இந்த ஊரில் தொடங்கினார். விதவைகள், அனாதைகள், கொலை செய்தவர்களின் குடும்பத்துப் பெண்கள் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று அடித்தார்கள். முரசடிக்கும்போது பக்கத்தில் இருப்பவளின் கையைக் கவனித்தே ஆக வேண்டும், அவள் யாராக இருந்தாலும். 2010ல் இந்தப் பெண்கள் ஹூயேயில் ஓர் ஐஸ்கிரீம் கடையும் திறந்தார்கள். பெயர் 'இனிய கனவுகள்'.

எல்லாம் ஆறிவிட்டது என்று எழுதினால் அது பொய். 2005 முதல் 2012 வரை நாடெங்கும் நடந்த 'கச்சாச்சா' ஊர் நீதிமன்றங்களில் உண்மையும் வந்தது, அரை உண்மையும் வந்தது. 2008ல் உலகிலேயே முதன்முறையாகப் பெண்கள் பெரும்பான்மை பெற்ற பாராளுமன்றம் இங்கே அமைந்தது. ஆனால் அரசை எதிர்த்துப் பேச இடம் குறைவு. அப்போதைய டுட்சி கிளர்ச்சிப் படை கொன்ற ஹூட்டுகளுக்காகப் பொது இடத்தில் அழ முடியாது. சட்டம் கேள்வியைத் தடுக்கலாம். வீட்டுக்குள் மகன் கேட்டால் தாய் என்ன சொல்வாள்?

திரும்பும் வழியில் அதே திண்ணையில் நிறுத்தச் சொன்னேன். இம்முறை கேட்டது கூடையின் விலை. ஓட்டுநர் உற்சாகமாக மொழிபெயர்த்தார். பாயின் இரு முனைகளிலிருந்தும் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் ஒரே தொகையைச் சொன்னார்கள். நம்மூர்ப் பழக்கத்தில் பேரம் பேசிப் பார்த்தேன். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்துவிட்டு, மறுபடி அதே தொகையைச் சொன்னார்கள். கேட்ட விலையைக் கொடுத்து வாங்கி வந்தேன்.